மூன்றாம் வரிசையில் செலின்

லாரியின் பின்பலகையில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிக்கொண்டிருந்தார் பக்கீர் முகமது. 'ழு'வின் காலை வளைக்கும்போது மூச்சை அடக்குவது அவர் வழக்கம். அடக்கிய மூச்சை விடுவதற்குள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

"பெயின்டர் பாய் நீங்கதான?"

திரும்பிப் பார்த்தார். முப்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை, கையில் சொட்டுகிற குடை. அவளை இறக்கிவிட்ட பஸ் கரையான்சாவடி முனையில் சேற்றை வாரியடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது.

"நான் ஜெயசீலி. முத்தாபுதுப்பேட்டையிலேர்ந்து வர்றேன். பாஸ்கல் மாமாவோட அக்கா பொண்ணு. மாமா வந்துட்டாரு பாய். முந்தாநாள் பம்பாய் ரயில்ல வந்தாரு. எலும்பும் தோலுமா கீறாரு. ஒரு சொம்புத் தண்ணி குடிச்சாரு, குடிச்சதும் உங்களத்தான் கேட்டாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றது பக்கீரின் வாய். ஏணிப்படியில் வைத்திருந்த கால் தானாக ஒரு படி இறங்கிற்று.

ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் பட்டாளம் புகுந்த அன்றிலிருந்து அங்கிருந்த பாஸ்கலின் கடிதம் நின்றுபோயிருந்தது. பக்கீர் தினமும் காலையில் டீக்கடை ரேடியோவுக்கு அடியில் போய் நின்றார். விமானத்தில் இத்தனை பேர் வந்தார்கள், பாலைவனத்தில் கூடாரத்தில் இத்தனை பேர் கிடக்கிறார்கள் என்று வாசித்தார்களே தவிர, பாஸ்கல் என்று ஒரு பேரை யாரும் வாசிக்கவில்லை. ஒருநாள் டீ கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பும்போது, அந்த ஆள் அங்கேயே போய்ச் சேர்ந்திருந்தால் எல்லாம் முடிந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் துரத்தினார். ஆனாலும் வந்தது வந்ததுதான். பதினாலு வருஷம் நெஞ்சைத் திறந்து எழுதிய ஒரு மனிதனைப் பற்றி அப்படி நினைத்த மண்டையைக் கழற்றி வைக்க இடமில்லாமல் அன்று முழுக்க வேலை செய்தார்.

பழக்கம் ஒரு கல்லறையில் தொடங்கியது. பாஸ்கலின் மனைவி செலின் எழுபத்து நாலில் மஞ்சள்காமாலையில் போனாள். புருஷன் அப்போது குவைத்தில் பைப் லைன் வேலையில் இருந்தார். அவர் லீவு கிடைத்து வந்து நின்றது எழுபத்தாறில். பூந்தமல்லிக்கு மேற்கே கல்லறைத் தோட்டத்தில், மூன்றாம் வரிசையில், வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் சிமெண்டு மேடை கட்டி, பேர் எழுத ஆள் தேடியபோது பக்கீர் கிடைத்தார். எழுதி முடிக்கும்வரை பாஸ்கல் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். எழுந்து போகும்போது, "வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிச்சுப் பேர் எழுதிடு பாய். ஒரு லெட்டர் போடு" என்றார்.

லெட்டர் மட்டும் போட்டால் எப்படித் தெரியும் என்று, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அட்டையில் அந்தக் கல்லறையை வரைந்து உறைக்குள் வைத்து அனுப்பினார் பக்கீர். அங்கேயே உட்கார்ந்து, கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தது. வேப்பங்கன்று மரமானது, பக்கத்துக் கல்லறைச் சிலுவைக்கு ஒரு கை உடைந்தது, மதில்மேல் பூசணிக்கொடி படர்ந்தது எல்லாம் வருஷத்துக்கு ஒன்றாகக் குவைத்துக்குப் போனது. பதிலுக்கு ஏர்மெயில் வந்தது. எட்டுப் பேர் படுக்கிற அறை, குறட்டை விடுகிற வங்காளி, ஐம்பது டிகிரி வெயிலில் வெறுங்கையால் தொட முடியாத இரும்பு. பக்கீரும் எழுதினார். தேர்தல் சுவருக்கு நடந்த அடிதடி, அம்பத்தூர் எஸ்டேட்டில் நடந்த கதவடைப்பு, ஒன்றரை வயதில் செத்துப்போன தன் முதல் பிள்ளை. மனைவி மஹ்பூபாவிடம்கூட அந்தப் பிள்ளையின் பேரை எடுக்காதவர், கடிதத்தில் மூன்று பக்கம் எழுதினார்.

எண்பத்திரண்டில் பாஸ்கல் ஒருமுறை வந்து போனார். அடுத்த வருஷம் அக்காள் இறந்ததும், இனி யாரைப் பார்க்க வருவது என்று அங்கேயே தங்கிவிட்டார்.

எண்பத்தைந்து சித்திரையில் மாதா கோயிலிலிருந்து பக்கீருக்கு ஒரு வேலை வந்தது. கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. சொந்தமாகப் பதிவு செய்யாத பழைய குழிகளைத் திரும்ப எடுக்கப்போகிறார்கள். உரியவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து சொல்ல வேண்டும் என்று வாசலில் ஒரு போர்டு. முப்பத்தாறு எண்கள். பேர் கிடையாது, எண்தான். பக்கீர் கறுப்பில் எண்களையும் சிவப்பில் தேதியையும் நிறுத்தி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். செலினின் எண் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கல்லறையின் காலடியிலும் ஒரு தகரத் துண்டில் எண் அடித்திருக்கும். செலினுடையது துருப்பிடித்து அசிங்கமாக இருந்ததால் முதல் வருஷமே அதன்மேலும் வெள்ளையடித்து மறைத்திருந்தார். அதைப் பெருமையாகக் கடிதத்திலும் எழுதியிருந்தார்.

அந்த ஐப்பசியில் ஹில்டா என்ற பெண் கடைக்கு வந்தாள். அம்பத்தூரில் போல்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பதினாறு வயது மகள் ஆக்னஸ் மூளைக்காய்ச்சலில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கல்லறை கட்டியாயிற்று, பேர் எழுத வேண்டும் என்றாள். பக்கீர் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார். வேப்பமரத்தடியில், மூன்றாம் வரிசையில் அவள் நின்றாள். இடப்பக்கத்தில் கை உடைந்த சிலுவை. பக்கீர் முன்னும் பின்னும் பார்த்தார். எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"இன்னா பாய், எழுத்து உக்காராதா?" என்று கேட்டாள் ஹில்டா.

"உக்காரும்மா" என்றார். ஆக்னஸ் என்று எழுதினார். கை நடுங்கவில்லை. அதுதான் பின்னால் நினைக்க நினைக்க அவரைக் கொன்றது.

உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தார். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் பாஸ்கலின் கடிதம் வந்திருந்தது. அவர் வேறு யாருக்கும் சொல்லாததைச் சொல்லியிருந்தார். "தந்தி வந்தப்போ நான் ஷிப்டில் இருந்தேன். கப்பலில் சரக்கு ஏறுகிறவரை போக முடியாது என்றான் சூப்பர்வைசர். நான் சண்டை போடவில்லை பக்கீரு. சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் வால்வை மூடினேன். அவளுக்கு மண் தள்ள நான் இல்லை. நீ இருக்கிறாய் என்கிற தைரியத்தில்தான் தூங்குகிறேன்."

இப்படிப்பட்ட ஆளுக்கு, உன் பெண்டாட்டி குழியைத் தோண்டிவிட்டார்கள், அந்த எண்ணை என் கையால்தான் எழுதினேன் என்று எப்படி எழுதுவது? பக்கீர் ஆக்னஸின் கல்லறைக்கு முன்னால் உட்கார்ந்து படம் வரைந்தார். மரம் நிஜம், மதில் நிஜம், கொடி நிஜம். பேர் மட்டும் செலின். அந்த வருஷம் போனது, அடுத்த வருஷமும் போனது. அஞ்சு படம்.

ஜெயசீலி வந்து போன நாலாம் நாள், திங்கட்கிழமை, கடை வாசலில் ஆட்டோ நின்றது. பாஸ்கல் இறங்கினார். கால் இரண்டும் வீங்கிச் செருப்பில் அடங்காமல் பிதுங்கியிருந்தன.

"இன்னா பக்கீரு, நரச்சிட்ட?"

"நீங்க மட்டும் கறுப்பாவா கீறீங்க அண்ணே?"

கட்டிப்பிடித்தபோது பாஸ்கலின் சட்டைக்குள் எலும்பு கையில் தட்டியது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து பாலிதீன் சுற்றிய கட்டு ஒன்றை எடுத்தார். வியர்வையில் ஓரம் பழுத்த பதினாலு அட்டைகள்.

"பெட்டி, டேப்ரிக்கார்டரு, கம்பெனிக்காரன் வெச்சிக்கின சம்பளம், எல்லாத்தையும் உட்டுட்டேன். இத மட்டும் வயித்துல கட்டிக்கினேன். பாக்தாத் ரோட்டுல ஒரு பட்டாளத்தான் சட்டையத் தூக்குன்னான். தூக்குனேன். ஒண்ணொண்ணாப் பாத்தான். இன்னாது இதுன்னான். எம் பொண்டாட்டி ஊடுன்னேன். திருப்பிக் குடுத்துட்டான்."

பக்கீர் கடைசி அஞ்சு அட்டைகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம ரெண்டாந்தேதி கல்லறத் திருநாளு. அன்னிக்கு நீ எழுதும்போது நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். சாமியாராண்டயும் பேசணும். நான் போனா அவகூடவே வெச்சிடுங்கன்னு சொல்லணும். இதுக்கு மேல எனக்கு இன்னா கீது சொல்லு?"

"பேசலாம் அண்ணே" என்றார் பக்கீர்.

இரவுச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவரை மஹ்பூபா பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "ஊருக்கெல்லாம் போர்டு எழுதுறீங்க. அந்த மனுசனுக்கு ஒத்த வரி எழுத முடியல. இப்ப நேர்லயே வந்து நிக்கிறாரு, வாயாலயாவது சொல்லுங்களேன்."

"சொன்னா அந்தாளு செத்துருவாருடீ."

"சாவ மாட்டாரு. உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாரு. அதானே உங்க பயம்?"

பக்கீர் கையைக் கழுவிக்கொண்டார்.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். மழை விட்டிருந்தது. திருநாளுக்கு முன்னால் எல்லா வரிசையிலும் ஆட்கள் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்கள். குழி வெட்டுகிற எத்திராஜ் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கீர் விஷயத்தைச் சொன்னதும் பீடியைக் காதிலிருந்து எடுத்தான்.

"இதுக்கா மூஞ்ச இப்பிடி வெச்சிக்கினு கீற அண்ணாத்தே? மதிலோரம் பேரே இல்லாத கல்லற ஒண்ணு கீது. யாரும் வர்றதில்ல. வெள்ளையடி, பேர எழுது. கெழவனுக்குக் கண்ணு தெரியப்போவுதா இன்னா?"

"மரம் எங்கன்னு கேட்டா?"

"வெட்டிட்டாங்கன்னு சொல்லு. உனக்கு நான் சொல்லித் தரணுமா? அஞ்சு வருஷமா நீ வுட்ட ரீலு இன்னா."

பக்கீர் மதிலோரம் போனார். பாசி பிடித்த சின்ன மேடை. தேய்த்துக் கழுவினார், வெள்ளையடித்தார், காயும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார். பென்சிலால் கோடு போட்டு, 'செ' என்று எழுதி, 'லி'க்கு இடம் விடும்போதுதான் பலகை எழுதுகிறவனின் கண் விழித்துக்கொண்டது. இடம் பத்தவில்லை. கையால் சாண் போட்டு அளந்தார். தலையிலிருந்து கால்வரை நாலடிகூட இல்லை. அது ஒரு குழந்தையின் கல்லறை.

செலின் நல்ல உயரம். கல்யாணப் போட்டோவில் நான்தான் அவளை அண்ணாந்து பார்த்தபடி நிற்பேன் என்று பாஸ்கல் ஒருமுறை எழுதியிருந்தார். பக்கீருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. பக்கத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஈரத்துணியை எடுத்து 'செ'யை அழித்தார். யாரோ பெற்ற ஒரு பிள்ளையின் தலைமாட்டில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தபோது சிரிப்பு நின்றது.

மறுநாள் முத்தாபுதுப்பேட்டைக்கு பஸ் ஏறினார்.

பாஸ்கல் உப்புப் போட்ட சுடுதண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வா பக்கீரு. நாளைக்கு எத்தினி மணிக்குப் போலாம்?"

பக்கீர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். போர்டு, எண், தகரத் துண்டு, ஹில்டா, ஆக்னஸ், அஞ்சு படம். நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னார். அடுப்படியிலிருந்து ஜெயசீலி கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"எங்களாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க போய்ப் பதிஞ்சிருக்க மாட்டோமா பாய்? ஆவடிப் பக்கத்துலயே இருந்துக்கினு எங்களுக்குத் தெரியலயே!"

"எனக்கே தெரியாதும்மா அப்போ. தோண்டினப்புறம்தான்..."

"நீ ஒரு தபாவாவது போய்ப் பாத்தியா?" என்றார் பாஸ்கல். ஜெயசீலி பக்கம் திரும்பாமல் அவளைத்தான் கேட்டார். ஜெயசீலி உள்ளே போய்விட்டாள்.

பாஸ்கல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி அடங்கி, தண்ணீர் ஆறிப்போயிருக்கும். காலை எடுக்கவில்லை.

"தோண்டும்போது அவள எங்க போட்டாங்க?"

"தெரியாது அண்ணே."

"கேக்கலயா?"

"கேக்கல."

"அஞ்சு வருஷமா?"

பக்கீர் தலையைக் குனிந்துகொண்டார். குப்பையோடு குப்பையாகப் போட்டோம் என்று எத்திராஜ் சொல்லிவிடுவானோ என்று பயந்துதான் அவர் கேட்காமல் இருந்தார்.

"நான் தந்திய வெச்சிக்கினு வால்வு மூடினத உனக்குத்தான் எழுதினேன். சாமியாராண்டகூடச் சொல்லல" என்றார் பாஸ்கல். குரல் உயரவில்லை. "நீ போ பக்கீரு."

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்ததும் பக்கீர் டப்பாவை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். வருஷா வருஷம் ஆக்னஸ் பேரைப் புதுசாக எழுதித் தருவதாக ஹில்டாவுக்குச் சொன்ன சொல் இருந்தது. போகாமல் இருக்க முடியவில்லை என்பதும் இருந்தது. வாசலில் செவ்வந்தியும் மெழுகுவத்தியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நாலரை மணிக்குச் சாமியார் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க வருவார். ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று மதிலைத் தாண்டி அடித்தது. ஹில்டா அரைநாள் லீவு போட்டு வந்து மேடையைக் கழுவி வைத்திருந்தாள். பக்கீர் குந்தி உட்கார்ந்து 'ஆ' போட்டார். 'க்' போட்டார். கண் வாசலிலேயே இருந்தது.

பாஸ்கல் வந்தார். ஜெயசீலியின் தோளைப் பிடித்துக்கொண்டு, வீங்கின காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, வழி கேட்காமல் நேராக வந்தார். மரம், மதில், உடைந்த சிலுவை எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்தார். பக்கீரைப் பார்க்கவில்லை. மண்வெட்டியோடு தள்ளி நின்றிருந்த எத்திராஜைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இந்தக் குழி வெட்டினது நீதான?"

"ஆமா சார்."

"முன்ன இருந்தவங்க எலும்ப இன்னா பண்ண?"

எத்திராஜ் பக்கீரை ஒரு பார்வை பார்த்தான். "இன்னா சார் பண்ணுவாங்க? பொறுக்கி ஒரு வெள்ளத்துணியில கட்டி, அதே குழியில ஒரு முழம் ஆழமாத் தோண்டி வெச்சிட்டு, மண்ணப் போட்டு மிதிச்சி, மேல இந்தப் பொண்ண வெச்சோம். எல்லாக் குழிக்கும் அப்பிடித்தான். வெளிய ஒண்ணும் போடறதில்ல."

"அப்ப இங்கயேதான் கீறாளா?"

"இங்கயேதான் சார். வேற எங்க போவாங்க?"

பக்கீரின் கையில் பிரஷ் நின்றுபோயிற்று. ஒரு கேள்வி. பீடி புகைத்துக்கொண்டு நிற்கிற ஒருவனிடம் ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டிருந்தால் எல்லாம் ஒரு கடிதத்தில் அடங்கியிருக்கும். பாஸ்கல் இப்போது அவரைப் பார்த்தார். திட்டினாலாவது தாங்கியிருக்கலாம்.

ஹில்டா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுந்தாள். "யாரு சார் நீங்க?"

"எம் பொண்டாட்டிம்மா. உங்க பொண்ணுக்கு முன்னாடி இதுல இருந்தவ."

அவள் சட்டென்று மேடைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "எங்களாண்ட கோயில் சீட்டு கீது சார். சாமியாரு குடுத்த எடம். நாங்க யாரோடதையும் புடுங்கல. எம் பொண்ண எடுக்க உட மாட்டேன்."

"எடுக்கச் சொல்லலம்மா."

"பின்ன இன்னாத்துக்கு வந்தீங்க?"

பாஸ்கல் பக்கத்துக் கல்லறையின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். சட்டைக்குள் கட்டியிருந்த பாலிதீன் கட்டு சரசரத்தது. அவர் அதை வெளியே எடுக்கவில்லை. சட்டைக்கு மேலேயே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

ஹில்டா மேடையை விட்டு ஒதுங்கி நின்றாள். பிறகு, "அவங்க பேரு இன்னா?" என்றாள்.

"செலின்."

"எத்தினி வயசு?"

"இருபத்தொம்பது."

முதல் வரிசையில் சாமியார் தீர்த்தம் தெளிக்க ஆரம்பித்துவிட்டார். பாட்டுச் சத்தம் கேட்டது. ஹில்டா தன் பையிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்துப் பாஸ்கலிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். தலைமாட்டில் ஆக்னஸுக்கு ஏற்றியிருந்ததில் பற்ற வைத்துக்கொண்டு, மேடையின் ஓரத்தைப் பிடித்தபடி கால்மாட்டுக்கு நகர்ந்து, மெழுகைச் சொட்டவிட்டு அதில் நட்டார்.

காற்றில் அணைந்தது. திரும்பப் போய்ப் பற்ற வைத்துக்கொண்டு வந்தார். அதுவும் அணைந்தது. மூன்றாம் முறை அவர் இரண்டு கையையும் குவித்துப் பிடித்தபோது விரலிடுக்கில் காற்று புகுந்து சுடர் சாய்ந்தது.

பக்கீர் பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்தார். பெயரில் இன்னும் 'னஸ்' பாக்கி இருந்தது. எழுந்து, மதில் பக்கமாகச் சுற்றிப்போய், காற்று வருகிற திசையில் முதுகைக் காட்டி நின்றார். பெயின்ட் கறை படிந்த கைலியின் இரு ஓரத்தையும் பிடித்து அகலமாக விரித்துக்கொண்டார். மழைத்துளி ஒன்றிரண்டு பிடரியில் விழுந்தது. சுடர் கொஞ்சம் ஆடி, நிமிர்ந்தது.

பாஸ்கல் தலையைத் தூக்கவில்லை. நகர்ந்து போ என்றும் சொல்லவில்லை. அடுத்த வரிசைக்குச் சாமியார் வந்துகொண்டிருந்தார். விரித்த துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. பக்கீர் பிடியை விடாமல் நின்றார்.